சேற்றுக்கரைக்குக் குழுவாகச் செல்வோர்க்கு: தெலுக் ஆயர் தாவாரில் பறவை பார்க்கும் முறை

பினாங்கு என்றவுடன் பலருக்குக் கொடிமலையும் பத்து ஃபிரிங்கி மணலும்தான் நினைவுக்கு வரும். தீவை இணைக்கும் பாலத்துக்கு இந்தப் பக்கம், பெருநிலத்துச் செபராங் பிறையின் வட கரையில், தெலுக் ஆயர் தாவாரில் தொடங்கிப் பினாகாவைக் கடந்து, கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடும் மூடா ஆற்றின் முகத்துவாரம் வரை நீளும் சேற்றுக்கரையை நாடிச் செல்பவர்கள் குறைவு. குளிக்க முடியாத கடல், நடக்க முடியாத தரை, ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் அலையாத்தி மரங்கள் என்று பார்வைக்கு எளிய இடம்தான். ஆனால் ஆகஸ்ட் இறுதி முதல் ஏப்ரல் வரை, சைபீரியாவிலும் அதற்கு அப்பாலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த கரைப்பறவைகள் ஆயிரக்கணக்கில் இந்தச் சேற்றில் இறங்கி இரை தேடுகின்றன. முக்கியப் பறவை வாழிடங்களின் உலகப் பட்டியலில் இக்கரை இடம்பெற்றிருப்பதற்கு அதுவே காரணம்.

பட்டர்வொர்த் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களையும் மாணவர்களையும் சில ஆண்டுகளாக அங்கே அழைத்துச் சென்று வருகிறேன். அவ்வகையில் ஒரு பயணத்தை நடத்த விரும்புவோர் எதை முதலில் முடிவு செய்ய வேண்டும், எதில் கவனம் சிதறக் கூடாது என்பதை நான் பட்டு அறிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

நாள் குறிப்பது

குழுவாகச் செல்லும்போது நாம் வழக்கமாக எல்லாருக்கும் விடுமுறை கிடைக்கும் நாளைத்தான் முதலில் தேடுவோம். பிறகு வேனுக்குச் சொல்வோம், சாப்பாட்டுக்குச் சொல்வோம், கடைசியில் போகும் இடத்தைப் பற்றி விசாரிப்போம். மலைக்கும் அருவிக்கும் இந்த முறை பொருந்தும், சேற்றுக்கரைக்குப் பொருந்தாது. இங்கே நாளையும் நேரத்தையும் குறிப்பது கடல். நீர் வற்றிக் கிடக்கும்போது சேறு வெகுதூரம் வெளிப்பட்டுவிடுவதால், பறவைகளும் நீரின் விளிம்பைத் தொடர்ந்து தொலைவுக்குப் போய்விடுகின்றன. கரையில் நிற்பவருக்கு அவை வெறும் புள்ளிகள். நீர் ஏற ஏறச் சேறு சுருங்கி, புள்ளிகளாக இருந்தவை மெல்ல மெல்ல நம்மை நோக்கித் தள்ளப்பட்டு, ஒரு கட்டத்தில் அலகின் வளைவும் காலின் நிறமும் தெரியும் அளவுக்கு நெருங்கி வரும். ஏற்றம் உச்சத்தைத் தொடுவதற்கு முன்பான 2 மணி நேரமே உங்கள் நிகழ்ச்சி. மற்றவை யாவும் அதைச் சுற்றி அமைய வேண்டும்.

ஏற்ற வற்ற அட்டவணையை அரச மலேசியக் கடற்படையின் தேசிய நீரளவியல் மையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. கைப்பேசிச் செயலிகளிலும் கிடைக்கிறது. மலாயில் 'பாசாங் சூருட்' என்று தேடினால் போதும். ஆயினும் அட்டவணையைத் திறப்பதற்கு முன்பே, நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே பாதி விவரத்தைச் சொல்லிவிடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஓரிரு நாள் தள்ளி நீர் மிகுதியாக ஏறி மிகுதியாக வற்றும். பினாங்கில் அந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 2 மீட்டர், கிள்ளானில் அதைப் போல் இருமடங்கு. அட்டமியை ஒட்டிய நாட்களில் நீர் சோம்பலாகக் கிடக்கும். கரையோர மீனவர்கள் இதை 'ஆயர் மாத்தி', அதாவது செத்த நீர் என்கிறார்கள். செத்த நீர் நாளில் ஏற்றம் கரைவரை வராததால் பறவைகள் எட்டியே நிற்கும். முழுப் பௌர்ணமி நாளிலோ நீர் சேறு முழுவதையும் மூடிவிடுவதால், நீங்கள் சற்றுத் தாமதித்தாலும் அவை எழுந்து வேறிடம் போய்விடும். எனவே பௌர்ணமிக்கோ அமாவாசைக்கோ மூன்று நான்கு நாள் முன்னோ பின்னோ வரும் சனி ஞாயிறைத் தேடுவது நல்லது.

இதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் ஆண்டில், எல்லா ஏற்பாடும் முடிந்த நிலையில், ஒரு திருமணத்தை முன்னிட்டுப் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தேன். அதே சனிக்கிழமை, அதே காலை 8 மணி, அதே இடம். ஏழு நாள்தானே வித்தியாசம் என்று நினைத்தேன். ஏற்றம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகிறது. ஏழு நாளில் அது 6 மணி நேரமாகிவிடும். ஆகவே முந்திய வாரம் நீர் நிறைந்திருக்கும் அதே மணியில் மறுவாரம் நீர் அடியோடு வற்றிக் கிடக்கும். பதினெட்டுப் பேர் நின்று வெறும் சேற்றைப் பார்த்தோம். ஒரு பெரியவர் மட்டும் சேற்றில் துள்ளும் மீன்களைப் பார்த்து மகிழ்ந்தார். தள்ளிப்போட வேண்டிய நிலை வந்தால் ஒரு வாரம் தள்ளாதீர்கள். இரண்டு வாரம் தள்ளுங்கள். பதினான்கு நாளில் ஏற்றம் ஏறக்குறைய பழைய அளவுக்குத் திரும்பிவிடும். நேரமும் முக்கால் மணி முன்னதாக வருமே தவிர வேறு மாற்றம் இராது.

வெளிச்சத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இது மேற்கு நோக்கிய கரை. காலையில் சூரியன் நம் முதுகுப் பக்கம் இருப்பதால் பறவையின் இறகு நிறம் தெளிவாகத் தெரியும். மாலையிலோ கடல் முழுவதும் மின்னும். பறவைகள் கரிய நிழல்களாக மட்டுமே தெரியும், கண்ணும் வலிக்கும். ஜனவரியில் இங்கே விடிவதற்கே 7 மணி தாண்டிவிடும் என்பதால், உச்ச ஏற்றம் காலை 10 மணியிலிருந்து 11 மணிக்குள் வரும் நாளைத் தெரிந்தெடுத்து, 8 மணிக்குக் கரையில் நிற்பதே சிறந்த அமைப்பு. மாதங்களில் ஜனவரியும் பிப்ரவரியும் மழை குறைந்தவை. செப்டம்பர், அக்டோபரில் பறவைகள் வந்திறங்கும் காலம் என்றாலும் பினாங்கில் மழையும் அப்போதுதான் வலுக்கும். மார்ச் இறுதி, ஏப்ரல் தொடக்கம் தனிச்சிறப்புடையது. வடக்கே திரும்பும் முன் பல பறவைகள் இனப்பெருக்கக் கால இறகுக்கு மாறுவதால், சாம்பல் நிறத்தில் சலிப்பூட்டிய வளைமூக்கு உள்ளான் திடீரென்று செங்கல் நிறத்தில் நிற்கும்.

தைப்பூசத்துக்குப் பினாங்கில் பொது விடுமுறை என்பதால் அன்று வைத்துக்கொள்ளலாமே என்று ஆண்டுதோறும் யாராவது கேட்கிறார்கள். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் நீர் மிகப் பெரிதாக ஏறும் நாள் அது. அதைவிட, குழுவில் பாதிப் பேர் தண்ணீர்மலையிலும் தண்ணீர்ப் பந்தலிலும் இருப்பார்கள்.

எத்தனை பேர், எந்த வண்டி

பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் சேர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து, இரண்டு தனித்தனிப் பொறுப்பாளர்களுடன், கரையின் இரண்டு வெவ்வேறு இடங்களுக்கு அனுப்பிவிடுங்கள். கூட்டம் பெரிதானால் பேச்சும் பெரிதாகும் என்பது ஒரு காரணம். முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி ஒன்றுக்கு ஆறு பேருக்கு மேல் வரிசையில் நிற்க முடியாது என்பது மற்றொன்று. ஏழாமவரின் முறை வருவதற்குள் பறவை நகர்ந்துவிடும். அவர் கைப்பேசியை எடுத்துவிடுவார்.

பெரிய பேருந்தைத் தவிர்த்து விடுங்கள். கம்பத்து (கிராமத்து) பாதைகள் குறுகலானவை. பேருந்து உள்ளே போனாலும் திரும்ப இடமிருக்காது. ஒரு வேனோ மூன்று கார்களோ சரியாக இருக்கும். ஜார்ஜ்டவுனிலிருந்து வருவோர் படகுத்துறையை நம்பிக் காரோடு போய் நிற்க வேண்டாம். இப்போதைய படகுகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும்தான் ஏறலாம், கார்கள் பாலத்தின் வழியாகவே வர வேண்டும். பட்டர்வொர்த்திலிருந்து விமானப்படைத் தளத்தை ஒட்டி வடக்கே போகும் சாலையில் சென்றால் தெலுக் ஆயர் தாவார் வரும். தளத்தின் அருகே யாரும் நீண்ட லென்ஸை வெளியே நீட்டக் கூடாது என்று வண்டியிலேயே சொல்லிவிடுவது பொறுப்பாளரின் வேலை.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, முடிந்தால் இரண்டு வாரம் முன்பு அதே ஏற்ற நேரத்தில், பொறுப்பாளர் தனியாக ஒருமுறை போய்ப் பார்த்துவர வேண்டும். எங்கே வண்டியை நிறுத்தினால் மீனவர்களின் படகுத்துறைக்கும் வீட்டு வாசலுக்கும் இடைஞ்சல் இராது, எந்தக் கரைமேட்டிலிருந்து மரங்கள் மறைக்காமல் சேறு தெரிகிறது, கழிப்பறை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்ற மூன்றுக்கும் விடை தெரியாமல் மற்றவர்களை அழைத்துப் போகாதீர்கள். கழிப்பறையைப் பற்றி எழுதுவது சிலருக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் பெண்களும் பெரியவர்களும் பயணத்தைப் பாதியில் முடித்துக்கொள்ள நேர்ந்த சமயங்களில் எல்லாம் காரணம் அதுதான். கரைக்கு வரும் வழியில் உள்ள எண்ணெய் நிலையத்தில் எல்லாரும் இறங்கி ஏறுவதை நிகழ்ச்சி நிரலிலேயே எழுதிவிடுங்கள்.

முன்பார்வைக்குப் போகும்போது துறையில் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் 'பாக்சிக்' (மாமா) என்று அழைத்து, இன்ன நாளில் பறவை பார்க்க இத்தனை பேர் வருகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அனுமதிச் சீட்டு எதுவும் வேண்டியதில்லை, மரியாதை வேண்டும். உள்ளூர்க்காரர்கள் இச்சிறு கரைப்பறவைகளைப் பொதுவாக 'கெடிடி' என்பார்கள். எந்தப் பக்கம் கெடிடி கூட்டமாக இறங்குகிறது என்று அவர்களிடம் கேட்டால் கிடைக்கும் விடை, எந்தச் செயலியும் தராதது.

கையில் எடுப்பவை

பைனாகுலர் ஆளுக்கு ஒன்று இருப்பது நல்லது. இல்லாவிட்டால் இருவருக்கு ஒன்று. 8x42 என்று பொறித்திருந்தால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். கைநடுக்கம் காட்டிக்கொடுக்காத அளவு அதுவே. பெரிய எண் நல்லது என்று எண்ணி 20 மடங்கு வாங்கி வருவோர் முதல் பத்து நிமிடத்தில் சோர்ந்துவிடுகிறார்கள். சேற்றுக்கரைக்கு இன்றியமையாதது 20 முதல் 60 மடங்கு வரை கூட்டிக் குறைக்கக்கூடிய முக்காலித் தொலைநோக்கிதான். குழுவில் ஒன்றாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இயற்கைச் சங்க உறுப்பினர் ஒருவரை உடன் வரச் சொல்லிக் கேளுங்கள். 1940-ல் தொடங்கிய மலேசிய இயற்கைச் சங்கத்துக்குப் பினாங்கிலும் கிளை உண்டு. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் அவர்களுக்குச் சலிப்பு இருப்பதில்லை.

தொப்பி, தண்ணீர், முழுக்கைச் சட்டை ஆகியவற்றை யாரும் சொல்லாமலே கொண்டுவருவார்கள். 'அகாஸ்' என்னும் பொடிப்பூச்சியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்துகொண்டு, விடியற்காலையில் அலையாத்தி ஓரத்தில் நிற்பவர் காலைக் கடித்துவிடும். அரிப்போ நாட்கணக்கில் நீடிக்கும். முழுக்கால் சட்டையும் மூடிய காலணியும் அவசியம், பூச்சித் தைலமும் வேண்டும். உடை வெள்ளையாக இருக்க வேண்டாம். பழுப்போ, வெளிறிய பச்சையோ, சாம்பலோ போதும். பள்ளி மாணவர்களை ஒரே நிறப் பளபளப்பான பனியனில் அழைத்து வரும் வழக்கத்தைக் கரைக்கு மட்டுமாவது விட்டுவிட வேண்டும்.

கரையில்

வண்டிக் கதவை மெல்லச் சாத்துவதிலிருந்து நிகழ்ச்சி தொடங்குகிறது. பொறுப்பாளர் முன்னே செல்ல, மற்றவர்கள் அவருக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். அவரைக் கடந்து யாரும் சேற்றில் இறங்கக் கூடாது. இதை விதியாகவே வையுங்கள். மேலே காய்ந்த தோல்போலத் தெரியும் சேறு காலை வைத்ததும் முழங்கால்வரை உள்வாங்கிவிடும், நீரோ நாம் எதிர்பார்ப்பதைவிட விரைவாகப் பின்னால் வந்து சூழும். குழந்தை ஒன்றை இழுத்தெடுக்கப் போய்ச் செருப்பு இரண்டையும் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு வந்த அனுபவம் எனக்கு உண்டு.

பறவை ஒன்று மேய்வதை நிறுத்தி, கழுத்தை நீட்டி நம்மைப் பார்த்தால், நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம். அப்போது நின்றுவிடுங்கள், இரண்டடி பின்வாங்குங்கள். பறக்கவிட்டுப் படம் பிடிப்பவர்கள் ஒரு கணத்து அழகுக்காகச் செய்வது என்னவென்று அறிவது நல்லது. 2022-ல் பட்டைவால் மூக்கன் ஒன்று, பிறந்து ஐந்து மாதமே ஆனது, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்ததைச் செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது. அத்தகைய பறத்தலுக்கு எரிபொருள், சேற்றுப் புழுக்களைத் தின்று உடலில் சேர்த்த கொழுப்புதான். சேறு திறந்திருக்கும் சில மணி நேரத்தில்தான் அதைச் சேர்க்க முடியும். நாம் ஒருமுறை கிளப்பிவிட்டால் சேர்த்ததில் ஒரு பங்கு வீணாகிறது. அவை வலசை போகும் வழியில், சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள மஞ்சள் கடலோரச் சேறுகள் ஏற்கெனவே சுருங்கிவிட்டன. தென் கொரியாவில் சேற்றுக்கரையைக் கடலிலிருந்து பிரித்து 2006-ல் கட்டி முடித்த சேமாங்கும் தடுப்புச்சுவர் மட்டுமே 33 கிலோமீட்டர் நீளம். ஆகவே டிரோன் பறக்கவிட அனுமதிக்காதீர்கள், எவ்வளவு நெருங்கிய நண்பர் கேட்டாலும்.

எதைப் பார்ப்பது என்பதில் புதியவர்களை இனப்பெயர்களால் மிரட்ட வேண்டாம். முதல் அரைமணி நேரம் அலகை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஓடி, நின்று, கொத்தி, மறுபடி ஓடுவது உப்புக்கொத்தி. அலகு குட்டை, கண் பெரிது, இரையைக் கண்ணால் தேடும். நிற்காமல் தையல் ஊசிபோல் சேற்றைக் குத்திக்கொண்டே போவன உள்ளான்களும் மூக்கன்களும். இவற்றின் அலகு நுனியிலேயே தொடுவுணர்வு இருப்பதால் சேற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத புழுவையும் கண்டுகொள்ளும். கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகோடு நண்டை இழுத்தெடுப்பது கோட்டான். ஊரில் ஆந்தையையும் கோட்டான் என்பதால் பிள்ளைகள் மரத்தை நோக்கிப் பைனாகுலரைத் திருப்புவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அலகின் நீளத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆழத்தில் மேய்வதால்தான் ஒரே சேற்றில் இத்தனை இனங்கள் சச்சரவின்றி வாழ்கின்றன என்பதைக் கண்ணால் காட்ட முடிந்த பிறகு, பெயர்கள் தாமாக மனத்தில் ஏறும்.

பவளக்காலியின் சிவந்த கால் எளிதில் பிடிபடும். அது மற்றவற்றுக்கு முன்பே கத்தி எச்சரித்துவிடுவதால், நாம் நடந்துகொண்ட முறைக்கு அதன் வாயே சான்று. பழுப்புத்தலைக் கடற்காகங்கள் குளிர்காலத்தில் இங்கே கூட்டமாகத் தங்கும். அப்போது தலையில் பழுப்பு இராது, காதருகே ஒரு கரும்புள்ளி மட்டும் இருக்கும் என்பதால் பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். ஆலாக்களும் கொக்குகளும் செம்பருந்தும் எப்படியும் கண்ணில் படும். அனுபவமுள்ளவர் உடனிருந்தால் பெருங்கோட்டானையும், உலகில் மிகக் குறைந்த எண்ணிக்கையிலேயே எஞ்சியிருக்கும் நோர்ட்மன் பச்சைக்காலியையும் தேடச் சொல்லலாம். பின்னது ரஷ்யாவின் ஓகோட்ஸ்க் கடலோரத்தில் குஞ்சு பொரிப்பது. சாதாரணப் பச்சைக்காலியோடு ஒப்பிட்டால் கால் சற்றுக் குட்டையாகவும், அலகின் அடி மஞ்சளாகவும் தடித்தும் இருக்கும். நான் மூன்று முறை கண்டதாகச் சொன்னேன். அதில் இரண்டு முறை தவறு என்று பிறகு ஒப்புக்கொண்டேன்.

எண்ணும் வேலையை மாணவர்களிடம் கொடுங்கள். கூட்டத்தின் ஓர் ஓரத்தில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து பிடிக்கும் இடத்தின் அகலத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு, அதேபோல் எத்தனை இடங்கள் கூட்டத்தில் அடங்கும் என்று பார்த்துப் பெருக்க வேண்டும். இருவர் தனித்தனியே எண்ணி, பிறகு ஒப்பிட வேண்டும். ஒருவர் 300 என்றும் மற்றவர் 700 என்றும் சொன்னால் மூன்றாமவரை எண்ணச் சொல்லுங்கள், இரண்டுக்கும் நடுவான எண்ணை எழுதிவிடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் 1987 முதல் இப்படித் தன்னார்வலர்களின் கண்களை நம்பியே நடந்து வருகிறது. எண்ணப் பழகிய மாணவர்கள் அடுத்த ஆண்டு அதிலும் சேரலாம்.

உச்ச ஏற்றத்துக்குப் பின் பறவைகள் ஒதுங்கிவிடும். குழுவும் ஒதுங்க வேண்டும். பத்தரை மணிக்கு மேல் வெயில் ஏறிவிடுவதாலும் பசி வந்துவிடுவதாலும் இதில் யாருக்கும் மனக்குறை இருப்பதில்லை. கரையில் அமர்ந்து பொட்டலம் பிரிப்பதைவிட, பட்டர்வொர்த்துக்குத் திரும்பித் தோசையோ ரொட்டி சானாயோ சாப்பிட்டுக்கொண்டே பட்டியலைச் சரிபார்ப்பது மேல். குப்பை சேராது, கரைக்குக் காகங்களும் வராது. வடக்கே செல்ல நேரமிருப்போர் பினாகாவுக்கு அப்பால் கோல மூடாவில் உள்ள 'பாசார் பிசிக்' மீன் சந்தையையும் பார்க்கலாம். அங்கே மீனை ஏலம் கேட்பவர் விலையை உரக்கச் சொல்லாமல், விற்பவரின் காதில் முணுமுணுப்பார். காலை முழுவதும் அமைதியாக இருக்கச் சொல்லிக் களைத்த பொறுப்பாளருக்கு அது ஆறுதலான காட்சி.

பட்டியலை அன்றிரவே, பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் இணையத் தளத்தில் பதிந்துவிடுங்கள். இடம், தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பது, எண்ணியவர் எத்தனை பேர் ஆகிய நான்கும் இருந்தால்தான் அந்த எண்ணிக்கை ஆய்வாளருக்குப் பயன்படும். அடையாளம் உறுதியாகாதவற்றை 'உள்ளான் வகை' என்று மட்டும் எழுதலாம், அதில் வெட்கமில்லை. முக்காலியின் கால்களை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள். உப்பேறிய திருகு அடுத்த முறை திறக்காது. நாட்காட்டி கையருகே இருந்தால், அன்றைய தேதியிலிருந்து பதினான்காம் நாளையும் இருபத்தெட்டாம் நாளையும் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு, அதன் பிறகு உறுப்பினர்களின் விடுமுறையைக் கேளுங்கள்.